"இருதயம் பெரிதாக உள்ளது" என்று அறிக்கையில் எழுதியிருந்தால்: எந்த அறை, எந்தக் கருவி, யாருடைய உடல்?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மருத்துவ முகாமோ வேலைக்கான மெடிக்கல் செக்கப்போ முடிந்ததும் சிலர் கைக்கு ஓர் எக்ஸ்ரே அறிக்கை வருகிறது. அதில் "கார்டியோமெகாலி" என்று ஒரு சொல் இருக்கும். கிளினிக்கில் கேட்டால் மலாயில் "ஜந்துங் பெங்காக்" என்பார்கள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது "இருதயம் வீங்கிப் போச்சு" என்று ஆகிவிடும். பயந்துபோய்ச் சிலர் எண்ணெய்ப்பனையில் குலை வெட்டும் வேலையையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர், "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே" என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள்.

குழப்பம் இதோடு நிற்பதில்லை. எக்ஸ்ரேயில் பெரிது என்று வந்தவருக்கு எக்கோவில் (ஒலியலை கொண்டு இருதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எல்லாம் சரி என்று வருவதுண்டு. எக்ஸ்ரேயில் சரியாக இருந்தவருக்கு எக்கோவில் இடது மேலறை பெருத்திருப்பதாக வருவதும் உண்டு. ஆறு மாதம் கழித்து எடுத்த இரண்டாவது எக்கோவில் எண்கள் மாறியிருக்கும். இதில் எதை நம்புவது?

பெரும்பாலும் எந்த அறிக்கையும் பொய் இல்லை. ஒவ்வொரு கருவியும் வேறு வேறு ஒன்றை அளக்கிறது. இருதயத்தின் அளவைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: எந்த அறை? எதைக்கொண்டு அளந்தார்கள்? யாருடைய உடலுக்கு ஒப்பிட்டார்கள்? இந்த மூன்றும் தெரியாத வரை "பெரிது" என்ற சொல்லை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

அடிப்படை: நான்கு அறைகள், இரண்டு மாற்றங்கள்

இருதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். உடலைச் சுற்றித் திரும்பும் ரத்தத்தை வலது மேலறை வாங்குகிறது. வலது கீழறை அதை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. நுரையீரலிலிருந்து வருவதை இடது மேலறை வாங்க, இடது கீழறை அதை உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. அதிக அழுத்தத்துக்கு எதிராக உழைப்பது இடது கீழறைதான். அறிக்கைகளில் "எல்.வி." என்று வருவது அது. "எல்.ஏ." என்பது இடது மேலறை.

"பெரிதாகிவிட்டது" என்பதற்குள் இரண்டு வேறு மாற்றங்கள் இருக்கின்றன.

1. விரிவு: அறையின் உள்ளிடம் பெருகுவது. அறிக்கையில் "டைலேட்டட்" என்று இருக்கும்.

2. தடிப்பு: அறையின் தசைச் சுவர் தடிப்பது. "ஹைப்பர்ட்ரோஃபி" அல்லது "எல்.வி.ஹெச்." என்று இருக்கும். இதில் உள்ளிடம் பெருக வேண்டியதில்லை, குறைந்துகூடப் போகலாம்.

ரத்தக் கொதிப்பு பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால் முதலில் வருவது பெரும்பாலும் தடிப்பு. வால்வு ஒழுகினாலோ, தசையே பலவீனப்பட்டாலோ வருவது விரிவு. மருந்தும் கவலையும் இரண்டுக்கும் ஒன்றல்ல. அதனால் இந்த வேறுபாட்டைக் காட்டாத எந்தப் படமும் முதல் படிதான்.

எக்ஸ்ரே: நிழலின் அகலம்

மார்பு எக்ஸ்ரேயில் மருத்துவர் பார்ப்பது ஒரு விகிதம். இருதய நிழலின் மிக அகலமான இடத்தை அளந்து, மார்புக்கூட்டின் உள்பக்க அகலத்தால் வகுக்கிறார். நிழல் 14 சென்டிமீட்டர், மார்பு 28 சென்டிமீட்டர் என்றால் 0.5. பெரியவர்களுக்கு 0.5-க்கு மேல் போனால் "கார்டியோமெகாலி" என்று எழுதுவது வழக்கம்.

விளக்குக்கு முன்னால் கையை நீட்டினால் சுவரில் விழும் நிழல், கை சுவரைவிட்டு விலக விலகப் பெருக்கும். எக்ஸ்ரேயும் அப்படித்தான். முறையான படத்தில் நோயாளி மார்பைத் தட்டில் ஒட்டி நிற்பார். கதிர் முதுகுப் பக்கமிருந்து, ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் தள்ளி வரும். இருதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால் தட்டுக்கு அருகில் இருக்கும்; நிழல் அதிகம் பெருக்காது. இந்த ஏற்பாடு மாறினால் விகிதமும் மாறும்.

1. படுக்கையில் வைத்து முன்பக்கமிருந்து எடுத்த படத்தில், நல்ல இருதயமும் பெரிதாகத் தெரியும்.

2. மூச்சை முழுதாக இழுத்து நிறுத்தாமல் எடுத்தால் உதரவிதானம் மேலேறி, இருதயம் குறுக்கே சாய்ந்து அகலமாகத் தெரியும். வரிசையில் அவசரமாகப் படம் எடுக்கும் முகாம்களில் இது எளிதில் நடக்கும்.

3. இருதய நுனியை ஒட்டிச் சேர்ந்திருக்கும் கொழுப்பும் நிழலாக விழும். இருதய உறைக்குள் நீர் கட்டியிருந்தாலும் நிழல் பெருக்கும், அறைகள் பெருத்திருக்காது.

4. முதுகெலும்பு வளைந்தவர்கள், நெஞ்சுக்குழி உள்வாங்கியவர்களுக்கு இந்த விகிதம் சரிவராது.

எக்ஸ்ரே மறுபக்கமும் ஏமாற்றும். பல வருடம் புகைபிடித்து நுரையீரல் ஊதிப்போனவருக்கு இருதய நிழல் ஒடுங்கித் தெரியும். உள்ளே வலது அறைகள் பெருத்திருந்தாலும் விகிதம் 0.5-க்குள் அடங்கிவிடலாம். சுவர் தடித்தவருக்கும் படம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும்.

எனவே எக்ஸ்ரேயில் வரும் "கார்டியோமெகாலி" என்பதை நோயின் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது. "எக்கோ எடுத்துப் பார்" என்று சொல்லும் குறிப்பு அது. அந்தக் குறிப்பை அலட்சியம் செய்வதும் தவறு. அதை மட்டும் வைத்து வேலையை விடுவதும் தவறு.

எக்கோ: அறையை உள்ளேயே அளப்பது

1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட ஒலிக்கருவியை மனித மார்பில் வைத்துப் பார்த்தார்கள். இன்றைய எக்கோ அங்கேதான் தொடங்கியது. இதில் கதிர்வீச்சு இல்லை. காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய்த் திரும்புவதைக் கொண்டு படம் உருவாகிறது. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

எக்கோ எடுக்கும் இடத்தில் வெளிச்சம் மங்கலாக இருக்கும். இடப்பக்கம் சாய்ந்து படுத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார்கள். அப்போதுதான் இருதயம் மார்புச் சுவரை ஒட்டி வரும், விலா எலும்புகளுக்கு நடுவே இடமும் விரியும். குளிர்ச்சியான ஜெல் தடவி, கருவியை இடது மார்பு ஓரத்திலும் பிறகு இருதய நுனிக்கு நேராகவும் வைத்து அழுத்துவார்கள். "தாஹான் நஃபாஸ்" என்று சொன்னால் மூச்சை அடக்க வேண்டும். அந்த நொடியில் திரையில் படத்தை நிறுத்தி, சுவரின் உள்விளிம்பில் ஒரு புள்ளி, எதிர்ச்சுவரின் உள்விளிம்பில் ஒரு புள்ளி வைத்து அளக்கிறார்கள். இந்தப் புள்ளிகளை வைப்பது ஒரு மனிதரின் கை. இதை நினைவில் வைத்தால் பின்னால் வரும் குழப்பம் பாதி தீரும்.

மூன்று அளவுகள் முக்கியம்.

முதலாவது, இடது கீழறை நிரம்பியிருக்கும்போது அதன் உள்குறுக்களவு. பரவலாகப் பின்பற்றப்படும் 2015-ஆம் ஆண்டு அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டியின்படி ஆண்களுக்கு ஏறக்குறைய 42 முதல் 58 மில்லிமீட்டர், பெண்களுக்கு 38 முதல் 52 மில்லிமீட்டர் வரை சாதாரணம். சுவர்த் தடிப்பு ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

இரண்டாவது, கொள்ளளவு. ஒரே கோட்டில் அளந்த குறுக்களவு, உருவம் மாறிப்போன அறையின் அளவைச் சரியாகச் சொல்லாது. மாரடைப்பு வந்து ஒரு பக்கம் மட்டும் புடைத்த அறைக்கு அது பொருந்தவே பொருந்தாது. அதனால் இருதய நுனியிலிருந்து இரண்டு கோணங்களில் படம் எடுத்து, அறையின் ஓரத்தை வரைந்து, கணினி அதை மெல்லிய வட்டத் தட்டுகளாகப் பிரித்துக் கூட்டுகிறது. அறிக்கையில் "சிம்சன்" அல்லது "பைப்ளேன்" என்று இருந்தால் இந்த முறைதான். ஆண்களுக்கு 62 முதல் 150 மில்லிலிட்டர், பெண்களுக்கு 46 முதல் 106 மில்லிலிட்டர் வரை சாதாரணம்.

மூன்றாவது, "ஈ.எஃப்." எனப்படும் வெளியேற்ற விகிதம். நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பது அது. ஆண்களுக்கு 52, பெண்களுக்கு 54 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவு. நூறு சதவீதம் யாருக்கும் வராது. "எனக்கு 60தான் இருக்கிறது, பாதி இருதயம் போய்விட்டது" என்று அழுபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 60 என்பது நல்ல எண்.

அளவையும் ஈ.எஃப்.-ஐயும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு முக்கியமான விஷயம் புரியும். ஒருவரின் அறையில் 120 மில்லிலிட்டர் நிரம்பி, சுருங்கிய பின் 50 மிஞ்சுகிறது என்று வைப்போம். வெளியே போனது 70; ஈ.எஃப். 58 சதவீதம். இன்னொருவரின் அறை விரிந்து 220 நிரம்புகிறது, 154 மிஞ்சுகிறது. வெளியே போனது 66; ஈ.எஃப். 30 சதவீதம். ஒரு துடிப்புக்கு இருவர் உடலுக்கும் போகும் ரத்தம் கிட்டத்தட்ட ஒன்றே. பலவீனமான தசை, அறையைப் பெரிதாக்கிக்கொண்டு கணக்கைச் சரிக்கட்டுகிறது. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சரிக்கட்டல் நீடிக்காது. அறை விரிய விரிய, அதே அழுத்தத்தை உண்டாக்கச் சுவர் மேலும் இழுபட வேண்டும். வால்வின் வளையமும் விரிந்து ஒழுகத் தொடங்கும். ஒழுகுவதால் அறை இன்னும் விரியும்.

யாருடைய உடலுக்கு ஒப்பிட்டார்கள்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் அதிகம் தவறிப்போகும் இடம் என்று நினைக்கிறேன். தோட்டத்தில் வளர்ந்த பழைய தலைமுறையில் குட்டையான, மெலிந்த உடம்புக்காரர்கள் நிறையப் பேர். உடம்பு சிறிதானால் இருதயமும் சிறிதாகத்தான் இருக்க வேண்டும். பல நாடுகளை ஒப்பிட்ட ஆய்வுகளிலும் ஆசியர்களின் இடது கீழறை, அதிலும் குறிப்பாக இந்தியர்களுடையது, சராசரியில் சிறியதாகவே இருக்கிறது.

இதற்காகத்தான் கொள்ளளவை உடலின் மேற்பரப்பால் வகுக்கிறார்கள். மேற்பரப்பைக் கணக்கிட ஓர் எளிய வாய்பாடு உண்டு: சென்டிமீட்டரில் உயரம், கிலோவில் எடை, இரண்டையும் பெருக்கி 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

1. உயரம் 150 சென்டிமீட்டர், எடை 45 கிலோ: மேற்பரப்பு ஏறக்குறைய 1.37 சதுர மீட்டர்.

2. உயரம் 180 சென்டிமீட்டர், எடை 90 கிலோ: மேற்பரப்பு 2.12 சதுர மீட்டர்.

இரண்டு ஆண்களுக்கும் இடது கீழறை 110 மில்லிலிட்டர் என்று வைப்போம். 62-க்கும் 150-க்கும் நடுவே இருப்பதால் இருவருக்கும் "சாதாரணம்" என்று எழுதிவிடலாம். வகுத்துப் பார்த்தால் பெரிய உடம்புக்காரருக்குச் சதுர மீட்டருக்கு 52 மில்லிலிட்டர் வருகிறது, சிறிய உடம்புக்காரருக்கு 80. ஆண்களுக்கான மேல்வரம்பு 74. சிறிய உடம்புக்காரரின் அறை ஏற்கெனவே விரிந்துவிட்டது, மொத்த எண் அதை மறைத்துவிட்டது.

இடது மேலறைக்கும் இதே கணக்குதான். அதற்கு மேல்வரம்பு சதுர மீட்டருக்கு 34 மில்லிலிட்டர். எக்கோ எடுக்கும்போது உயரத்தையும் எடையையும் கேட்கவே இல்லை என்றால், நாமே சொல்லிவிடுவது நல்லது.

உடல் பருத்தவர்களுக்கு இதே வகுத்தல் எதிராக வேலை செய்யும். எடை கூடியதால் வகுக்கும் எண் பெரிதாகி, பெருத்த மேலறையும் சாதாரணமாகத் தெரியும். அவர்களுக்கு உயரத்தை மட்டும் கொண்டு வகுத்துப் பார்ப்பதுண்டு.

இரண்டு எக்கோ ஏன் ஒத்துப்போவதில்லை?

புள்ளி வைக்கும் கை மாறினால் சில மில்லிமீட்டர் மாறும். கருவி இருதய நுனியில் சரியாக உட்காராமல் கொஞ்சம் மேலே நகர்ந்தால் அறை குறுகித் தெரியும், கொள்ளளவு குறைத்துக் கணக்காகும். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு ஒவ்வொரு துடிப்பிலும் அளவு வேறு. பல துடிப்புகளின் சராசரியை எடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்பவருக்கு, செய்வதற்கு முன் எடுத்த படத்தில் தேங்கிய நீரால் அறைகள் பெருத்திருக்கும். செய்த பின் எடுத்தால் சுருங்கியிருக்கும். ரத்தச்சோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, கர்ப்பம் ஆகியவையும் அறைகளை விரிக்கும்.

ஆகவே ஈ.எஃப். 55-இலிருந்து 52 ஆனதற்குத் தூக்கம் கெட வேண்டியதில்லை. 55-இலிருந்து 40 ஆனால் அது உண்மையான மாற்றம். கூடிய வரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுத்து ஒப்பிடுவது நல்லது.

எம்.ஆர்.ஐ., சி.டி.

கொள்ளளவை அளப்பதில் மிகத் துல்லியமானது இருதய எம்.ஆர்.ஐ. வலது கீழறையின் உருவம் கோணல்மாணலானது என்பதால் எக்கோ அங்கே தடுமாறும், எம்.ஆர்.ஐ. தடுமாறாது. தசையில் தழும்பு இருக்கிறதா என்பதையும் காட்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் காரணமாக அடிக்கடி ரத்தம் ஏற்றுபவர்களின் இருதயத்தில் இரும்பு படிந்திருப்பதையும் அளந்து சொல்லும். ஒரு எச்சரிக்கை: எம்.ஆர்.ஐ.-இல் வரும் கொள்ளளவு எக்கோவில் வருவதைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து "பெருத்துவிட்டது" என்று பதறக்கூடாது.

சி.டி. முக்கியமாக ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்க எடுப்பது. கதிர்வீச்சு உண்டு, அறை அளவுக்காக மட்டும் அதைக் கேட்டு வாங்கத் தேவையில்லை.

எந்த அறை பெருத்தால் எங்கே தேட வேண்டும்?

1. இடது கீழறை விரிந்து ஈ.எஃப்.-உம் குறைந்தால்: ரத்தக்குழாய் அடைப்பு, பழைய மாரடைப்பு, தசையின் சொந்த நோய், நீண்டநாள் மது. சம்சு என்ற மலிவுச் சாராயமும் மற்ற மலிவு மதுவும் நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைக் கெடுத்தன என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருதயத் தசையையும் அவை நேரடியாகப் பாதிக்கின்றன. ஆனால் குடியை முழுதாக நிறுத்தி மருந்தும் எடுத்தால், விரிந்த அறை பலருக்குக் கணிசமாகச் சுருங்குகிறது. இதைக் குடிப்பவரிடமும் வீட்டாரிடமும் மருத்துவர்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்கும், பிரசவத்துக்கு முந்தைய மாதம் தொடங்கிப் பிந்தைய ஐந்து மாதங்கள் வரை, இப்படி ஒரு தசை பலவீனம் வரலாம். படுத்தால் மூச்சு முட்டுவதைப் பிரசவக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது.

2. இடது மேலறை மட்டும் பெருத்தால்: ரத்தக் கொதிப்பு, அல்லது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வுக் கோளாறு. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைச் சுருக்கியிருந்தால், மேலறை மிகப் பெரிதாகியும் கீழறை சாதாரணமாகவே இருக்கும். பெருத்த மேலறையில் துடிப்பு தாறுமாறாகும். அங்கே ரத்தம் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாகத் தேசியக் கணக்கெடுப்பு சொல்லும் நிலையில், இந்த ஒரு அளவை அறிக்கையில் தேடிப் பார்ப்பது பயன் தரும்.

3. வலது பக்கம் பெருத்தால்: நுரையீரல் நோய், நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம், அல்லது மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்தே உள்ள துளை.

அளவு எதைத் தீர்மானிக்கிறது?

வால்வு கடுமையாக ஒழுகுபவருக்கு அறுவைச் சிகிச்சை எப்போது என்பதை, மூச்சிரைப்பு இல்லாதபோதும், அறை அளவே சொல்லும். மைட்ரல் ஒழுக்கில், சுருங்கிய நிலையில் கீழறையின் குறுக்களவு 40 மில்லிமீட்டரை எட்டினால் தாமதிப்பது நல்லதல்ல. இடது கீழறையிலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாயிலில் உள்ள அயோர்ட்டிக் வால்வின் ஒழுக்கில் அந்த வரம்பு 50. "தாங்க முடியாமல் போனால் பார்ப்போம்" என்று காத்திருப்பவர்கள், தசை மீள முடியாத நிலைக்குப் போன பிறகு வருகிறார்கள்.

தசை பலவீனத்துக்கு இன்று நான்கு வகை மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. பைசொப்ரொலால், பெரின்டோப்ரில், ஸ்பைரொனோலாக்டோன், எம்பாக்லிஃப்ளோசின் போன்ற பெயர்களை மருந்துப் பையில் பார்க்கலாம். கடைசியாகச் சொன்னது இனிப்பு நீர் மருந்தாக வந்தது; இனிப்பு நீர் இல்லாதவருக்கும் இருதயத்துக்காகத் தருகிறார்கள், "எனக்கு எதற்கு இது?" என்று நிறுத்திவிடக் கூடாது. இந்த மருந்துகள் இளைப்பைக் குறைப்பதோடு, மாதக்கணக்கில் எடுக்கும்போது விரிந்த அறையைச் சுருக்கவும் செய்கின்றன.

சுங்கை சிப்புட்டிலிருந்து எப்படிப் போவது?

அறிக்கையோடு முதலில் அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போவதே சரி. அங்கே ரத்தக் கொதிப்பு, ஈ.சி.ஜி., ரத்தச்சோகை பார்த்து, தேவைப்பட்டால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். குடிமக்களுக்கு நிபுணர் கட்டணம் சில வெள்ளிதான்; ஆனால் எக்கோ தேதிக்கு வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். தனியாரில் சீக்கிரம் எடுக்கலாம், சில நூறு வெள்ளி ஆகும். சிக்கலான அறுவைச் சிகிச்சைக்கு 1992-இல் தொடங்கிய கோலாலம்பூர் ஐ.ஜே.என். (தேசிய இருதய மருத்துவமனை) வரை அனுப்பப்படலாம்.

எங்கே எடுத்தாலும் கேட்டு வாங்க வேண்டியவை: எந்த அறை, விரிவா தடிப்பா, மேற்பரப்பால் வகுத்த எண், ஈ.எஃப்., வால்வு நிலை. பழைய அறிக்கைகளை ஒரே உறையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள். மருத்துவருக்கு இன்றைய எண்ணைவிடப் போன வருட எண்ணிலிருந்து எவ்வளவு மாறியது என்பதுதான் அதிகம் பயன்படும். வேலையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். நீண்ட கழியால் குலை வெட்டுவது, குலையைத் தூக்கிப் போடுவது, மேட்டில் தள்ளுவண்டி தள்ளுவது என்று விவரமாகச் சொன்னால்தான், எம்.சி. (மருத்துவ விடுப்பு) தேவையா, சில காலம் லைட் டியூட்டி போதுமா என்று அவர் எழுத முடியும்.

தேதிக்காகக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு: தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்குவது, நடுராத்திரி மூச்சு முட்டி எழுவது, சில நாட்களில் எடை இரண்டு மூன்று கிலோ ஏறிக் கால் வீங்குவது, மயங்கி விழுவது, நெஞ்சுவலி. இவற்றில் ஒன்று வந்தாலும் கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மருந்து தொடங்கியவர்களுக்கு அடுத்த எக்கோ பெரும்பாலும், முழு அளவு மருந்தில் குறைந்தது மூன்று மாதம் ஆன பிறகு எடுக்கப்படும். அப்போதும் ஈ.எஃப். 35 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால், திடீர் மரணத்தைத் தடுக்க இருதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியை மார்பில் பொருத்துவது பற்றி நிபுணர் பேசத் தொடங்குவார். நடுவில் மருந்தை விட்டுவிட்டு எடுத்த எக்கோவை வைத்து அவரால் இதைத் தீர்மானிக்க முடியாது. மூன்று மாதக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.